அம்மாவின் கழுத்தில் கட்டி, எங்கள் கையில் போன்

அம்மாவின் கழுத்தில், வலது காதுக்குக் கீழே ஒரு கட்டி. "நெறி கட்டியிருக்கும், தானா போயிடும்" என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்தபிறகுதான் அரசு மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். சீட்டில் 'எஃப்.என்.ஏ.சி' என்று எழுதியிருந்தது. "என்னவா இருக்கும் சார்?" என்று கேட்டோம். "ரிப்போர்ட் வரட்டும்" என்றார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த ஒன்பது நாளும் அண்ணனும் தங்கையுமாக நாங்கள் போனிலேயே கிடந்தோம். அம்மா தூங்கியபிறகு, சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரே பாயில் உட்கார்ந்து தேடினோம்.

தமிழில் தேடினால் கஷாயமும் மஞ்சள் பற்றும் வந்தன. ஆங்கிலத்தில் தேடினால் புற்றுநோய் வந்தது. ஐந்து வருடம் பிழைத்திருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு வந்தது. அமெரிக்காவில் எடுத்த கணக்கு. அதை வைத்துக்கொண்டு எங்கள் அம்மாவுக்கு வருடங்களை எண்ணினோம். தங்கைக்குக் கல்லூரி முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது என்று இருவரும் மனதுக்குள் கணக்குப் போட்டோம். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லாப் பக்கத்திலும் ஒரே பட்டியல்தான். இரவில் வியர்க்கிறதா? ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்குக் கீழே யாருக்குத்தான் வியர்க்காது! காரணமில்லாத சோர்வு இருக்கிறதா? நாலு மணிக்கு எழுந்து குப்பை வண்டி தள்ளுகிறவருக்குச் சோர்வுக்குக் காரணம் இல்லையா? எடை குறைந்ததா? அம்மாவை யாரும் எடைபோட்டுப் பார்த்ததே இல்லை. ஜாக்கெட் தொளதொளத்ததைத்தான் பார்த்திருக்கிறோம். நாட்பட்ட இருமல் உண்டா? அம்மாவோடு வேலை செய்கிற எல்லோருக்கும் உண்டு.

அந்தப் பட்டியலை எங்கள் தெருவில் வாசித்தால் பாதிப் பேர் நோயாளிகள். நோயே வந்தாலும் வேலை அலுப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அம்மாவும் அப்படித்தான் இரண்டு மாதம் விட்டார்.

ஆறாம் நாள் தங்கை போனைக் கீழே வைத்தாள். "நமக்கு யாரும் பதில் சொல்லல, அதான் இதுல தேடிக்கிட்டிருக்கோம். கேக்க வேண்டியதை அங்கயே கேப்போம்" என்றாள். அதன்பிறகு தேடலை மாற்றினோம். என்ன நோய் என்று தேடுவதை விட்டு, என்ன கேட்க வேண்டும் என்று தேடினோம். கழுத்தில் இப்படிக் கட்டி வர நம் நாட்டில் காசநோய் ஒரு முக்கியமான காரணம் என்று அப்போதுதான் படித்தோம். ஒரு நோட்டுத் தாளில் எழுதினோம்.

எந்தெந்த நோய்களைச் சந்தேகிக்கிறீர்கள்? எடுத்ததைக் காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா? முடிவு தெளிவாக இல்லையென்றால் அடுத்த டெஸ்ட் என்ன? ரிப்போர்ட்டின் நகல் எப்போது கிடைக்கும்?

கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை என்றும் தெரிந்துகொண்டோம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் தகவல் அறியும் உரிமை இருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன.

ஒன்பதாம் நாள் தாளோடு போனோம். இந்தமுறை டாக்டர் நின்று பதில் சொன்னார். நெறிக்கட்டியில் காசநோய். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆறு மாத மாத்திரை, இலவசம். கேட்டவுடனே எங்களுக்கு நிம்மதிதான் வந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது அந்த நிம்மதியே வெட்கமாக இருந்தது. காசநோய் என்று கேட்டு "அப்பாடா" என்று மூச்சுவிடுகிற வாழ்க்கையை யார் நமக்குக் கொடுத்தது?

அம்மாவுக்கு நிம்மதி இல்லை. "மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க. இப்பவே தண்ணி கேட்டா தூக்கித்தான் ஊத்துறாங்க. இது வேற தெரிஞ்சா?" என்றார். நுரையீரலில் இல்லாதபோது இந்த வகை மற்றவருக்குப் பரவாது என்று டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். அம்மா பயந்தது கிருமிக்காக அல்ல என்பது எங்களுக்கும் தெரியும்.

இன்னும் சில விஷயங்களைப் படித்தோம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நெரிசலான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். சானடோரியத்தில் வைத்துப் பார்த்ததற்கு ஏறத்தாழ சமமாகக் குணமானது. காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று உலகம் நம்பியதில் இந்த நகரத்து ஏழைகளின் பங்கு பெரிது. 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவு கொடுத்தால் அவர்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். வீட்டில் மற்றவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியது நம் வேலை.

தோழர்களே, நம் தெருக்களில் ஓ.பி. சீட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். வீட்டில் யாருக்காவது கட்டியோ இருமலோ என்றால் நீங்களும் ராத்திரி முழுக்கத் தேடத்தான் செய்வீர்கள். தேடுங்கள். காலையில் அது ஒரு தாளில் நாலு கேள்வியாக இருக்கட்டும்.

அம்மாவுக்கு இது இரண்டாம் மாத மாத்திரை. கட்டி வற்றிவருகிறது. போன வாரம் அம்மாவே தன்னோடு வேலை செய்கிற ஒரு அக்காவைக் கூட்டிவந்தார். மூன்று வாரமாக இருமல். "இவங்களுக்கும் அந்தத் தாளை எழுதிக் குடுங்க" என்றார்.