நிறமும் நிழலும்

புதுப்பித்தல் என்னும் சொல்லை நாம் மிக எளிதாகக் கையாண்டு வருகின்றோம். பழைய கோயில்களைப் புதுப்பிக்கின்றோம். பழைய மரபுகளைப் புதுப்பித்தல் வேண்டுமென மேடைகளிலே முழங்குகின்றோம். ஆயின், புதுப்பித்தல் என்ற தொழிலிலே உண்மையில் நிகழ்வது யாது? இழந்ததை மீளப் பெறுகின்றோமா, அன்றி எஞ்சியிருப்பதில் ஒரு பகுதியைச் செலவிடுகின்றோமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது நூலன்று. கடந்த விடுமுறையின்போது, மாமாவின் பழைய வாகனமொன்றின் மேனியைத் துலக்க நேர்ந்த வேலையே அதனை எழுப்பிற்று.

அவ்வாகனம் 1990களின் தொடக்கத்தில் யப்பானிலே செய்யப்பட்ட ரொயோட்டா ஹையேஸ் வான். எம்மவர் 'டொல்பின்' என அழைக்கும் வகையினது. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, மாமா அதனைக் கொழும்பிலே வாங்கி, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமிடையே ஆட்களை ஏற்றி இறக்கினார். 2014 இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. சொகுசு பஸ்களும் பெருகின. வானுக்கு வேலை குறைந்தது. ஆயினும் அவர் அதனை விற்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களைப் பேணித் திருத்துவது எங்கும் வழக்கமாயிற்று. இப்போது மாமாவின் மகன் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் சிறு சமையல் மேடையும் அமைத்து, உல்லாசப் பயணிகள் தங்கிச் செல்லத்தக்க நடமாடும் வீடாக அதனை மாற்ற முனைந்துள்ளான். உள்வேலையை அவன் ஏற்றுக்கொண்டான். வெளிப்புறத்து ஸ்ரிக்கர்களை நீக்கி மெருகேற்றும் வேலை என் பங்காயிற்று.

ஸ்ரிக்கர் என நாம் வழங்குவது தாளன்று. நெகிழ்ச்சியூட்டப்பட்ட பிளாஸ்ரிக் படலமாகும். புதியதாயின் வாழை நார்போல உரிந்து வரும். ஆண்டுக்கணக்கில் வெயிலிலே கிடந்தாலோ, அதற்கு நெகிழ்ச்சி தந்த பொருள் மெல்ல வெளியேறிவிட, வறண்ட குளத்துச் சேறுபோல வெடித்து, நகம் பட்டவிடத்தில் நொறுங்கும். இதற்குப் பலம் உதவாது. சூடும் பொறுமையுமே உதவும். தலைமயிர் உலர்த்தும் கருவியால் கை பொறுக்குமளவு சூடேற்றினால் உள்ளிருக்கும் பசை இளகும். அப்போது பிளாஸ்ரிக் அட்டையொன்றால் விளிம்பை நெம்பி, மேற்பரப்போடு படிந்தவாறே மெல்ல இழுத்தல் வேண்டும். இரும்புத் தகடு பட்டால் வர்ணம் கீறப்படும். எஞ்சிய பசையை அகற்ற மண்ணெண்ணெய் தோய்ந்த துணி போதுமானது. தின்னர் பசையோடு வர்ணத்தையும் கரைத்துவிடக்கூடும். நான் மண்ணெண்ணெயைச் சற்றுத் தாராளமாக ஊற்றுவதைக் கண்ட மாமா, "பிள்ளை, தடை இருந்த காலத்திலை இந்த எண்ணெயிலைதான் கார் ஓடினது. அப்ப துணியிலை ஊத்த ஆருக்கு மனம் வந்திருக்கும்?" என்றார்.

பசை நீங்கியதும் வேலை முடிந்துவிடும் என எவரும் எண்ணுவர். உண்மையில் அப்போதுதான் தொடங்குகின்றது. 'நல்லூரான் துணை' என்ற எழுத்துக்கள் போய்விட்டன. அவற்றின் நிழல் போகவில்லை. அந்நிழலினுள்ளே வேறொரு நிழலும் மங்கலாகத் தெரிந்தது. வாகனம் எம் நாட்டுக்கு வருமுன் யப்பானிய உரிமையாளர் எவரோ எழுதுவித்த, எம்மில் எவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்துக்கள் அவை. முன்கதவிலே மூன்றாவதாக ஒரு வட்டம். அதனுள் ஒரு துப்பாக்கி. அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு.

இந்நிழல்கள் உண்டாகும் காரணம் எளியது. வெள்ளை வர்ணத்துக்கு நிறம் தருவது தைத்தேனியமீரொட்சைட்டுத் துகள்; அத்துகள்களைப் பிணைத்து வைத்திருப்பது பிசின். கழியூதாக் கதிர்களும் ஈரமும் அப்பிசினைச் சிதைக்க, துகள்கள் பிடிப்பிழந்து, தொட்டவர் கையிலே வெண்பொடியாய் ஒட்டுகின்றன. ஸ்ரிக்கர் மூடியிருந்த இடத்திலோ வர்ணம் பழைய ஒளியோடு இருக்கின்றது. அன்றியும், சுற்றுப்புறம் தேய்ந்துவிட்டமையால் அவ்விடம் மிக நுண்ணிய அளவில் மேடாகவும் நிற்கின்றது.

ஆகவே நிழலை அழிப்பதென்பது யாது? தேய்ந்ததை உயர்த்துதல் இயலாது. சிதைந்த மேற்படையை நீக்கி, கீழுள்ள நல்ல வர்ணத்தை வெளிக்கொணரலாம். அதன்பின்னரும் எழுத்து மேடாகத் தெரியுமாயின், காக்கப்பட்டு நின்ற அப்பகுதியையும் தாழ்த்தியே சமன்செய்தல் வேண்டும். 2000 ஆம் இலக்க அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பின் கொம்பவுண்ட் இட்டுத் துலக்கி, ஈற்றில் மெழுகு பூசும் வேலை முழுவதும் இக்கணக்கின் மீதே நடைபெறுகின்றது. தொழிற்சாலையிற் பூசப்படும் வர்ணப்படைகள் யாவும் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவினதாம். ஒவ்வொரு துலக்கலும் அச்சிறு முதலிலிருந்து எடுக்கும் செலவாகும். வாகனங்களுக்கு வர்ணம் பூசும் அயலூர் முதியவர் ஒருவர், "விளிம்புகளிலை அழுத்தாதை, பிள்ளை. துணியிலை வேற நிறம் தெரிஞ்சால் அந்த இடத்திலையே நிப்பாட்டு" என்று மட்டும் சொல்லித் தந்தார். அவ்வேற்று நிறம் அடிப்பூச்சின் நிறம்.

கதவிலிருந்த வட்டத்தை அணுகியபோதுதான் கேள்வி பிறந்தது. "மச்சாள், இது ஏதாவது விளையாட்டுக் கழகத்தின்ரை சின்னமோ?" என மைத்துனன் வினவினான். அவன் 2006 இற் பிறந்தவன். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர், நிவாரணப் பணி புரிந்த நிறுவனமொன்று அவ்வானை வடமராட்சி கிழக்குக்குச் செல்ல வாடகைக்கு அமர்த்தியிருந்தது. இவ்வாகனத்தில் ஆயுதம் இல்லை என்பதே அச்சின்னத்தின் பொருள். இரு தரப்பினரின் சோதனைச் சாவடிகளிலும் சாரதியின் முகத்துக்கு முன்பாக அதுவே பார்க்கப்பட்டது. வாடகை முடிந்த பின்னரும் மாமா அதனை அகற்றவில்லை. 2006 ஓகஸ்ட் மாதத்தில் வீதி மூடப்பட்டபோதும் அது கதவிலேயே இருந்தது.

வரலாற்றைப் பாடமாகப் பயில்பவள் என்ற வகையில், அந்நிழலையேனும் விட்டுவைக்கலாம் என்று கூறினேன். 1911 இற் காலி நகரிலே வடிகாலொன்றின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு என் நினைவிலே நின்றது. 1409 ஆம் ஆண்டுத் திகதி கொண்ட அக்கல்லிலே சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே உள்ளன. எவரேனும் அதனைத் துலக்கி மெருகேற்றியிருந்தால், நாம் எதனை வாசித்திருப்போம்?

மாமா சிறிது நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "அழிச்சுப்போடு, பிள்ளை. அது ஒட்டியிருந்தபடியாத்தான் அண்டைக்கு ஓடினம். அது இல்லாமல் ஓடுற காலம் ஒண்டு வராதோ எண்டுதானே அப்ப ஏங்கினம்" என்றார்.

இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கல்வெட்டைப் பொறித்தோர் மறைந்து ஆறு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அது இன்று எல்லோருக்கும் பொதுவான ஆவணம். அக்கதவோ, அதன் பின்னே அமர்ந்து முகமாலையிலும் ஓமந்தையிலும் மணிக்கணக்காகக் காத்திருந்த ஒருவருடையது. நினைவுச் சின்னங்களைப் பேண வேண்டுமென்ற ஆர்வம் நம்போன்ற மாணவர்க்கு இயல்பே. எனினும், அச்சுமையைத் தோளிற் சுமந்தவர்க்கு அதனை இறக்கிவைக்கும் உரிமையும் உண்டு என்பதை நம் ஆய்வுகள் போதிய அளவு கருத்திற் கொள்கின்றனவா என்பது ஐயத்துக்குரியது.

துப்பாக்கியின் வடிவம் பெரும்பாலும் மறைந்தது. குறுக்குக்கோட்டின் ஒரு முனை மட்டும் கதவின் விளிம்பருகே எஞ்சியது. அவ்விடத்தில் துணியிலே சாம்பல் நிறம் தோன்றவே, முதியவர் சொன்னபடி நிறுத்தி மெழுகு பூசினேன். சாய்ந்த வெயிலிற் கூர்ந்து நோக்குவோர்க்கே இன்று அக்கோடு புலனாகும். மாமா அதனைக் கண்டும் ஒன்றும் கூறவில்லை.

பழையதை முற்றாக அழித்தலும் முற்றாகக் காத்தலும் மேடையிற் பேசுதற்கு எளியவை. வேலைத்தலத்திலோ, இருக்கும் வர்ணத்தின் கனமே எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குட்பட்டு எதனை நீக்குவது, எதனை விடுவது என்பதை, அதனோடு வாழ்ந்தோரைக் கேட்டறிந்த பின்னரே அரத்தாளைக் கையிலெடுத்தல் முறையாகும்.