சின்ன முதலாளிக்கு ஒன்பது போதும்

ரோல்பிளே ஆட்டம் நடத்தப் பழகும் தம்பிகள் வில்லன் என்றதும் கத்தியையும் மந்திரத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளையை வில்லனாக்கும்போது இதெல்லாம் வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 மான்ஸ்டர் மேனுவலில் 'நோபிள்' என்ற பிரபுவைப் பாருங்கள்: ஹிட் பாயிண்ட் 9, கரிஸ்மா 16. அதே புத்தகத்தின் 'நைட்'டுக்கு ஹிட் பாயிண்ட் 52. எங்கள் சின்ன முதலாளிக்கு அந்த 9 போதும். அவன் கை ஓங்கமாட்டான். பின்னால் மெய்க்காவலனாக நிற்கிற 52-ஐத் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

விம்கோ நகரில் எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். ஊர்ப் பெயரே தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்தது. இவர்கள் டிராகனை நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதலாளி மகனை நான் வாயைத் திறப்பதற்குள் நம்பிவிடுவார்கள். அதனால் என் கேம்பெயினில் ஊர் எப்போதும் ஒரு துறைமுகம்தான். உப்பளமும் கிடங்கும் அப்பனுடையது, திமிர் மகனுடையது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த அண்ணன் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர். துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே கட்டியக்காரன் பாதி புகழ்ந்து பாதி கிண்டலடித்துவிடுவான் இல்லையா, அண்ணன் கையும் அதே கைதான். சின்ன முதலாளியை அவர் நேரே கொண்டுவரமாட்டார். முதலில் ஒரு வேலைக்காரன் வருவான். கையில் அரிவாள், காலடியில் குவியலாகச் சீவின இளநீர். "சின்னவருக்கு வழுக்கை இருந்தா ஆகாது சாமி, வழுக்கை இல்லாத காய் இன்னும் கிடைக்கல." மேசையில் யாராவது, "யாருப்பா அந்தச் சின்னவரு?" என்று கேட்கும்வரை அண்ணன் காய் சீவிக்கொண்டே இருப்பார்.

பிறகு அவன் வருவான். அண்ணன் குரலை உயர்த்தவே மாட்டார். கேள்வி கேட்ட ஆட்டக்காரரைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக, "இவங்க என்ன கேக்கறாங்க?" என்பார். மேசை கொதித்துவிடும். இதைப் பழக எனக்கு வெகுநாள் பிடித்தது. கண்ணை எங்கே வைப்பது என்று எந்த ரூல் புத்தகமும் சொல்வதில்லை.

புதிதாக நடத்திய ஒரு தம்பி முதல் செஷனிலேயே தன் பணக்காரப் பையனைக் குப்பத்துக்குத் தீ வைக்கச் சொன்னான். இனிஷியேட்டிவ் உருட்டினார்கள், ஒரே அம்பில் கதை முடிந்தது. அண்ணன் அவன் பேப்பரை வாங்கி நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் அந்தப் பையனின் ஆசை. வலப்பக்கம் அது யார் தலையில் விடிகிறது. குதிரை வேண்டும், வண்டிக்காரர் பிழைப்பு போச்சு. மாடியிலிருந்து கடல் தெரியவேண்டும், நாலு வீடு இடிந்தது. கொடுமை செய்கிறோம் என்றே அவனுக்குத் தெரியாது, எந்தக் கணக்கும் அவன் காதுவரை வராது. நானும் இன்றைக்கும் அந்தக் கோட்டைப் போட்ட பிறகுதான் ஸ்டாட் பிளாக்கைத் தொடுகிறேன்.

ஆனால் வெறுப்பு மட்டும் இருந்தால் மூன்றாவது செஷனில் அலுத்துவிடும். 'ரத்தக்கண்ணீர்' (1954) படத்தில் எம்.ஆர். ராதாவின் மோகனசுந்தரத்தை நினைத்துப் பாருங்கள். அத்தனை திமிர், ஆனாலும் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று காது தீட்டிக்கொண்டு இருப்போம். நம் சின்ன முதலாளிக்கும் மேசை அப்படிக் காத்திருக்கவேண்டும்.

பகை தொடங்கும் இடம் சிரிப்பு. இந்திரப்பிரஸ்தத்தில் தரையென்று நினைத்துத் தண்ணீரில் கால் வைத்த துரியோதனனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சூதாட்டம்வரை போனது. அதனால் சின்ன முதலாளிக்காக உருட்டுகிற பகடையை நான் ஸ்கிரீனுக்குப் பின்னால் மறைப்பதில்லை. நடுமேசையில் 1 விழட்டும், வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். அடுத்த வாரம் சத்திரத்தில் இடம் இல்லை என்பார்கள். படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொல்லர் வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பார். ஒரு கத்தியும் உறையைவிட்டு வரவில்லை, ஆனாலும் ஊர் முழுக்க அவன் கை தெரியும்.

எங்கள் மேசையில் அவனை யாரும் வெட்டி வீழ்த்தியதில்லை. கன்டெய்னர் யார்டில் டாலி எழுதுகிற பையன் ஒருநாள் வாளை எடுக்காமல் அந்த மெய்க்காவலனைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்குச் சம்பளம் வந்து எத்தனை மாசம் ஆச்சு?" என்றான். நான் எழுதி வைத்திருந்த எதிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பெர்சுவேஷன் உருட்டச் சொன்னேன். 14 விழுந்தது. விட்டுவிட்டேன், 52 வாசலைத் தாண்டிப் போனது, 9 மட்டும் நாற்காலியில் இருந்தது. இப்போதெல்லாம் மெய்க்காவலன் தாளில் சம்பள பாக்கிக்கு ஒரு வரி ஒதுக்கி வைக்கிறேன்.