143 பாட்டு

போன ஞாயிறு திருவாலங்காடு போயிருந்தேன். லோக்கல் ரயிலில் திரும்பும்போது காரைக்கால் அம்மையார் பாடல்களை ஒரே மூச்சில் படிச்சு முடிச்சேன். அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, ஆலங்காட்டு மூத்த பதிகங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 11. ஆக மொத்தம் 143. பதினோராம் திருமுறையில் கொஞ்சம் பக்கங்கள், அவ்வளவுதான்!

நான் மூணு வருஷத்தில் கிறுக்கியதே இருநூறைத் தாண்டும். பாதிக்கு மேல் 'என்னைப் பாரேன்' ரகம். இந்தம்மா சுடுகாட்டையும், வற்றிய உடம்போடு அலையும் பேயையும் பாடிவிட்டு, தன்னையே 'காரைக்கால் பேய்' என்கிறார். அழகு வேண்டாம், அனுதாபமும் வேண்டாம். அவன் ஆடுவதைப் பார்த்தால் போதும்.

ராத்திரி என் ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாய் அழித்தேன். தேறியது ஏழு. ஒரு பதிகத்துக்குக்கூடக் காணாது :-)