‘முடங்காத தக்காளி இருக்கா சார்?’

தேனி மாவட்டத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், மோரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இலைச்சுருள் நோயைத்தான் இங்கே ‘முடக்கு’ என்பார்கள். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய் அது. கொழுந்து சுருண்டு, செடி குட்டையாகி, பூ கொட்டிவிடும். நட்ட ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டால் அந்தச் செடியில் காயை எதிர்பார்க்க முடியாது. வந்தபின் குணப்படுத்த மருந்தும் கிடையாது.

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் தப்பான பதில் சொன்னவன் நான். சமீபத்தில் பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரை ஒரு நாள் போய்வந்தபோது அது மறுபடி நினைவுக்கு வந்தது.

பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கிருந்து தேனிக்கு வரும் வழியில் அன்னஞ்சி விலக்கு. நம் அப்பா காலத்திலிருந்து பயிரிடும் பி.கே.எம்-1 தக்காளியின் பூர்வீகம் அன்னஞ்சி என்ற நாட்டு ரகம்தான். அதில் செயற்கையாக மரபு மாற்றத்தைத் தூண்டி, அப்படிக் கிடைத்த செடிகளில் நல்லதைத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள். பழம் கெட்டியாக இருக்கும், தூரத்துச் சந்தைக்கும் தாங்கும். ஆனால் முடக்கைத் தாங்கும் குணம் அதில் இல்லை.

தேனியைத் தாண்டினால் பழனிச்செட்டிபட்டி. இங்கிருந்து லோயர்கேம்ப் வரை முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. வலது கைப்பக்கம் கேரள எல்லை மலை, இடது கைப்பக்கம் மேகமலை. நடுவில் பச்சைப் பாய் விரித்தது மாதிரி வயல். வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டில்தான் கிணற்றுத் தோட்டங்கள். திராட்சை, வாழை, பீட்ரூட், தக்காளி எல்லாம் அங்கே.

சின்னமனூர் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். எட்டு வருடங்களுக்கு முன் வீரிய ரகத் தக்காளி ஒன்றைக் காட்டி, “இது நோய் எதிர்ப்பு உள்ளது, பயப்படாம நடுங்கண்ணே” என்று சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் என் தப்பு. முதல் இரண்டு வெள்ளாமை நன்றாக வந்தது. இனிமேல் வலை எதற்கு, மக்காச்சோள வரப்பு எதற்கு என்று அவர் விட்டுவிட்டார். மூன்றாவது முறை பாதிக்குமேல் முடங்கிப்போனது. வீட்டு நகை அடகுக்குப் போனது. “நீங்க சொன்னீங்கன்னு நம்புனேன் சார்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவருடைய மகள் தோட்டக்கலை படித்து, முனைவர் பட்டம் வாங்கி, இப்போது அதற்கு மேல் ‘போஸ்ட் டாக்டரல்’ ஆய்வு செய்கிறார். தக்காளியின் நோய் எதிர்ப்புதான் பொருள். நான் போன அன்று விடுமுறைக்கு வந்திருந்தார். “ஏம்மா, முழுசா முடக்கு வராத விதை எப்பத்தான் வரும்?” என்று நானே கேட்டேன்.

“எதிர்ப்புன்னா நோயே வராதுன்னு அர்த்தம் இல்ல சார். வைரஸ் உள்ள போனாலும் பெருகவிடாம செடி அடக்கி வைக்கும். அவ்வளவுதான்” என்றார்.

அந்தக் குணம் காட்டுத் தக்காளியிலிருந்து வருகிறது. ஹரியானாவின் ஹிசார் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காட்டுத் தக்காளி ஒன்றோடு ஒட்டுச் சேர்த்து எச்-24 என்ற வகையை உருவாக்கினார்கள். அதிலிருக்கும் எதிர்ப்பு மரபணுவுக்குப் பின்னாளில் டி.ஒய்-2 என்று பெயர் வந்தது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வரை போய்ப் பல நாட்டு ரகங்களில் அது சேர்ந்தது. ஆனால் வைரஸும் சும்மா இருப்பதில்லை. டி.ஒய்-2 மட்டும் உள்ள செடிகளைத் தாக்கும் வைரஸ் வகைகள் வந்துவிட்டன. அதனால் தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளியிலிருந்து கிடைத்த டி.ஒய்-3 மாதிரியான வேறு மரபணுக்களையும் ஒரே செடியில் சேர்க்கிறார்கள். காட்டுத் தக்காளியின் சிறு காய், கசப்பு எல்லாம் போக ஆறேழு தலைமுறை திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்க்க வேண்டும். நாற்றின் இலைத் துண்டிலேயே மரபணுவைச் சோதிக்கும் முறை வந்ததால் காலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் என்று வெளியிடப்பட்ட வீரிய ஒட்டு. அப்படிப்பட்ட விதைக்கும் நம் பாதுகாப்பு வேண்டும்.

“நாங்க பத்து வருஷம் உழைச்சுக் கொடுக்கிறதை, பிடுங்காம விட்ட ஒரு தோட்டம் நாலு வருஷத்துல கெடுத்துடும் சார்” என்றார் அந்தப் பெண்.

அதன் அர்த்தம் கம்பம் தாண்டிக் கூடலூர் போகும்போது கண்ணில் பட்டது. விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கே கட்டாமல், அப்படியே விட்டுப்போன தக்காளித் தோட்டம். செடி முழுக்க முடக்கு. தட்டினால் வெள்ளை ஈ புகை மாதிரி எழும்புகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் நேற்று நட்ட இளம் நாற்று. நோயுள்ள செடியில் அரை மணி நேரம் சாறு குடித்த ஈ, ஒரு நாளைக்குள் பரப்பத் தயாராகிவிடும். எதிர்ப்பு உள்ள செடியையும் தாண்டத் தெரிந்த வைரஸ் இப்படித்தான் வருடம் முழுக்கச் செடி மாறி வாழ்கிறது.

விட்டுப்போனவரைக் குறை சொல்ல மனமில்லை. கையில் காசு இல்லாதவர் பிடுங்கக் கூலி எங்கே போவார்? ஆனால் ஒன்று தோன்றியது. 1895-ல் அணை கட்டி வந்த தண்ணீருக்கு இந்தப் பள்ளத்தாக்கில் முறை இருக்கிறது. திறக்கும் நாள், நாற்றுவிடும் நாள் எல்லாம் ஊரே சேர்ந்து பார்க்கிறது. மேட்டுத் தோட்டத்துத் தக்காளிக்கு மட்டும் அப்படி ஒரு முறை இல்லை.

ஆகவே இன்று என் பதில் இதுதான். எதிர்ப்பு உள்ள விதையே வாங்குங்கள். நாற்றை 50 மெஷ் நைலான் வலைக்குள் வளருங்கள். நடவுக்கு மூன்று வாரம் முன்பே சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதையுங்கள். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள். முதல் ஒரு மாதம் முடங்கிய செடியைக் கண்டதும் பிடுங்கிப் புதையுங்கள். பார்த்தீனியச் செடியிலும் இந்த வைரஸ் தங்கும், அதையும் விடாதீர்கள். முடிந்த தோட்டத்தைப் பிடுங்கும்முன் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து, ஈ அதிகம் பறக்காத விடியற்காலையில் பிடுங்குங்கள். பக்கத்துத் தோட்டக்காரரால் முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து கைகொடுங்கள். அது உங்கள் செடிக்குச் செய்கிற செலவுதான்.

சின்னமனூர் அண்ணன் இந்த முறை பக்கத்துத் தோட்டத்துப் பழைய செடியைத் தானே ஆள்விட்டுப் பிடுங்கியபிறகுதான் நட்டிருக்கிறார். எப்படி வந்தது என்பதை அறுவடைக்குப்பின் எழுதுகிறேன்.