அம்புக்குறி காட்டும் வழியும் கோடுகள் சொல்லும் வழியும்



போன வாரம் போட்ட படத்தில் என் கழுத்தில் தொங்கிய சின்னக் கருவியைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். "சார், கையிலதான் ஃபோன் இருக்கே, இது எதுக்கு?" என்று ஒருவர். "பெரியப்பா, இந்த வயசுல மலை ஏறணுமா?" என்று சென்னையிலிருந்து ஒரு மகள். இரண்டாவது கேள்விக்கு டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார் என்பதே பதில். முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. காரணம், உங்களில் பலர் இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்புகிறீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கால ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். இனி கூட்டம் இன்னும் கூடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடுவோம். டவர் கிடைக்காத இடத்தில் ஃபோனில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை ஃபோனும் வாங்குகிறது, இந்தக் கருவியும் வாங்குகிறது. டவர் இல்லாவிட்டால் ஃபோனில் வராமல் போவது வரைபடம்தான். நீலப் புள்ளி இருக்கும். அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம் இருக்கும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் ஃபோனும் போதும். நான் தனிக் கருவி வைத்திருப்பதற்குக் காரணங்கள் எளியவை. கடையில் வாங்கும் இரண்டு பேட்டரியில் ஓடுகிறது. கத்திரி வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறது. ஃபோன் சூடேறி அணைந்துவிடுவதுபோல இது அணைவதில்லை. முக்கியமாக, ஃபோனின் சார்ஜ் அவசரத்துக்குப் பேசுவதற்கென்று மிச்சமாக இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது கருவியைப் பற்றி அல்ல. கருவியை எடுப்பதற்கு முதல் நாள் இரவு, வீட்டு மேசையில் கணினி முன்னால் செய்யும் வேலையைப் பற்றி.

வகுப்பில் சம உயரக் கோடுகள் நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். கோடையில் ஏரி வற்றும்போது, தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் வரிவரியாகத் தடம் விட்டுப் போகுமே, அதுதான் சம உயரக் கோடு என்று சொன்னேன். ஒரே வரியின் மேல் நடந்தால் ஏறவும் மாட்டோம், இறங்கவும் மாட்டோம். வரிகள் தள்ளித் தள்ளி இருந்தால் சாய்வு மெதுவானது. நெருங்கி இருந்தால் செங்குத்து. மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்தவர்கள்தான் அதிகம். மலைக்குப் போகிறவர்களுக்கு அது உயிர் சமாச்சாரம்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம். நம் ராஜகிரி தரையிலிருந்து சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். பன்னிரண்டு கோடுகள் தாளில் சில மில்லிமீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கத்தைப் பார்த்தாலே, 1690ல் முற்றுகையிட வந்த மொகலாயப் படைக்கு 1698 வரை ஏன் இந்தக் கோட்டை பிடிபடவில்லை என்பதில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, மூன்று மலைகளையும் சேர்த்து வளைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் மதிலைப் பார்க்க வேண்டும்.

தாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த வரைபடங்கள் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 15 நிமிடத்துக்கு ஒரு தாள் என்று வெட்டப்பட்டவை. 12 டிகிரி 15 நிமிட அட்சரேகை செஞ்சியை ஒட்டித்தான் போகிறது. ஆகவே நம் ஊரைப் பார்க்க இரண்டு தாள்களை ஒட்டவைக்க வேண்டும். கணினியில் அந்தத் தொல்லை இல்லை. தாள்கள் ஒரே விரிப்பாக விரிகின்றன.

நான் பயன்படுத்துவது இரண்டு மென்பொருள்கள். ஒன்று க்யூ.ஜி.ஐ.எஸ்.; யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மற்றது கார்மின் நிறுவனத்தின் பேஸ்கேம்ப். உயரத் தகவல், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் ரேடாரால் பூமியை அளந்து சேகரித்தது. அதுவும் இலவசம். அதிலிருந்து மென்பொருளே கோடுகளை வரைந்து தரும். 20 மீட்டர் போதாது, 10 மீட்டர் வேண்டும் என்றால் அப்படியும் வரையும். நடக்கப்போகும் பாதையை மவுஸால் வரைந்தால், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று பக்கவாட்டுப் படமாகக் காட்டும். நிழல் இருக்கும் இடம், சுனை, திரும்பிவிட வேண்டிய இடம், வேறு வழியாக இறங்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்துப் பெயர் எழுதுவேன். பிறகு கேபிளைச் செருகிக் கருவிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போவேன்.

இது எப்படி உதவும் என்பதற்குத் தை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய மாணவர்கள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்று. நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். முதல் நாள் இரவு எல்லாரும் கணினி முன் உட்கார்ந்து அந்தக் குன்றைப் பார்த்தோம். கிழக்கே கோடுகள் கடைசிவரை தாராளமாக விலகி இருந்தன. மேற்கே உச்சிக்குப் பக்கத்தில் விலகி, கீழே போகப் போக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குவிச்சரிவு என்று பாடத்தில் படித்தோமே, அதுதான்.

மறுநாள் உச்சியில் ஒன்பது வயதுக் குழந்தைக்கு வெயிலில் தலை சுற்றியது. பாறை நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். சீக்கிரம் கீழே போக வேண்டும் என்ற பதற்றத்தில் அவள் அப்பா என் கருவியை வாங்கி, வண்டி நிறுத்தியிருந்த இடத்தைத் தட்டினார். அம்புக்குறி மேற்கே திரும்பியது. "240 மீட்டர்தான் சார், நேரா இறங்கிடலாம்" என்றார். அந்தப் பக்கம் பார்த்தால் மெதுவான சாய்வாகத்தான் தெரிந்தது. ஆடுகூட இறங்கும் போலிருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி சொன்னார்: "வேணாங்க. நேத்து ராத்திரி கோடெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்த பக்கம் அது."

கிழக்கு வழியாகவே இறங்கினோம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். குழந்தையை முதுகில் சுமந்து, நின்று நின்று, நாற்பது நிமிடம் ஆனது. கீழே வந்து மேற்குப் பக்கத்தை அண்ணாந்து பார்த்தோம். தேங்காயின் முதுகுபோல உருண்டு வந்த பாறை, பாதியில் சுவராக இறங்கியிருந்தது. அதன் விளிம்பு மேலே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியும் இடத்துக்கு வந்துவிட்டால் திரும்பி ஏற முடியாது. குழந்தை சாயங்காலமே தெளிந்து விளையாடப் போய்விட்டாள். அவள் அப்பா மட்டும் வெகுநேரம் பேசவில்லை.

கருவியில் பிழை ஒன்றும் இல்லை. அது சொன்ன 240 மீட்டர் உண்மைதான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு என்பது மட்டுமே அந்த அம்புக்குறிக்குத் தெரியும். நடுவில் இருப்பது வயலா, பள்ளமா, பாறைச் சுவரா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது கோடுகள். கோடு படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும்.

அதற்காகக் கோடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். விண்ணோடத்தின் அளவீட்டில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரு கட்டம். கட்டத்துக்கு ஓர் உயரம். ராஜகிரி உச்சிக்குப் போகுமுன் ஒரு பிளவைப் பாலத்தில் கடப்போமே, அது சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் சில வீரர்களே ஒரு படையைத் தடுத்துவிடலாம். ஏழு மீட்டர் பிளவு 30 மீட்டர் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். கோட்டையின் மிகப் பெரிய காவலே கணினி வரைபடத்தில் இல்லை! ஆகவே நடந்து பார்த்து, கருவியில் புள்ளி வைத்து, வீடு திரும்பியதும் வரைபடத்தைத் திருத்த வேண்டும். போகுமுன் ஆடு மேய்ப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

பெரிய பாறையை ஒட்டி நிற்கும்போது செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வரும். நாம் உட்கார்ந்திருக்க, கருவியில் நம் தடம் கோழி கிளறியதுபோல ஓடும். திறந்த வெளிக்கு வந்து பாருங்கள். கருவி காட்டும் உயரத்தில், இடத்தில் வருவதைவிடப் பிழை அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய டோப்போ ஷீட்டை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்று: அவை எவரெஸ்ட் அளவுமுறையில் வரைந்தவை, ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. மாற்றாமல் சேர்த்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். 2005ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று வந்த வரிசையில் இந்தச் சிக்கல் இல்லை. அதை நில அளவைத் துறையின் தளத்தில் பதிவு செய்து பெறலாம்.

1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேயர் பரங்கிமலையருகே சங்கிலி போட்டு ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. அவர் ஆட்கள் மலையுச்சிகளிலும் கோபுரங்களிலும் ஏறி நின்று அளந்தார்கள். இன்று உட்கார்ந்த இடத்திலேயே மலை திரையில் வந்து நிற்கிறது. பத்து நிமிடம் செலவழித்து அதைப் படிக்காமல் கிளம்புவது நியாயமா?

கடைசியாகச் சில வார்த்தைகள். காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தீ மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். எந்த மலைக்குப் போனாலும் இறங்க இரண்டாவது வழி எது என்று முதல் நாளே வரைபடத்தில் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது சாதாரண ஜி.பி.எஸ். கொண்டுவரலாம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை உரிமம் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும். கிளம்புமுன் பாதையை ஒரு தாளில் அச்செடுத்து, திரும்பும் நேரத்தையும் எழுதி, வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். என் வீட்டில் அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்படும். மணி தாண்டினால் வீட்டம்மா ஃபோன் செய்வார். அதற்காகத்தான் அந்தச் சார்ஜ்.

கோடு படிக்க மறந்தவர்கள் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். மடிக்கணினி இருந்தால் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் போதும். பரீட்சை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் புவியியல் ஆசிரியர், செஞ்சி