எங்கள் ஊர் உப தபாற்கந்தோர்

மானிப்பாய்க்குக் கிட்டவுள்ள எங்கள் ஊரில் தபாற்கந்தோர் எங்கள் வீட்டு முன்விறாந்தையில்தான் இருந்தது. இலங்கையில் உப தபால் அதிபர்கள் பலர் அப்படித்தான் நடத்தினார்கள்; அரசாங்கம் தந்தது சிறு கொடுப்பனவு. அதற்காக ஐயா விடிய எழும்பி, தராசைத் துடைத்து, திகதி முத்திரையில் நாளை மாற்றி வைப்பார்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஊர்ப் பொடியள் ஒவ்வொருவராகக் கனடா, ஜெர்மனி, சுவிஸ் என்று வெளிக்கிட்டார்கள். உறையின் எழுத்தைப் பார்த்தே யார் வீட்டுக் கடிதம் என்று ஐயா சொல்லிவிடுவார். 1990 யூனில் யுத்தம் மறுபடி மூண்டது. மின்சாரமும் தொலைபேசியும் போயின. சனம் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்த காலம் அது. கடிதங்கள் வாரக்கணக்கில் பிந்தின. தபாற்பை வந்த அன்று விறாந்தை நிறைந்துவிடும். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிமாருக்கு ஐயா ஜாம் போத்தல் விளக்கைக் கிட்டப் பிடித்து வாசித்துக் காட்டுவார். அகதி வழக்கு தோற்றதென்ற செய்தி இருந்தால் அவர் குரல் முன்னமே இறங்கிவிடும்.

1995 ஒக்டோபர் 17இல் அரசாங்கப் படையினரின் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி பின்னேரம், எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அம்மா அரிசியும் உடுப்பும் கட்டினா. ஐயா முத்திரைகள், காசுக்கட்டளைப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு, கொடுக்காமல் கிடந்த கடிதங்கள் எல்லாவற்றையும் தகரப் பெட்டிக்குள் அடுக்கினார்.

“இஞ்சாருங்கோ, பிள்ளையளின்ரை உடுப்பை முதல் வையுங்கோ. கந்தோரைப் பிறகு பாப்பம்.”

“சனத்தின்ரை காசு, சனத்தின்ரை கடிதம். விட்டிட்டு வரேலாது.”

செம்மணி வீதியில் இலட்சக்கணக்கான சனம். மழை. அடி வைக்க இடமில்லாமல் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இரவு முழுக்க ஊர்ந்தோம். தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்து மழைநீர் ஏந்திக் குடித்தார்கள். எங்களிடம் இருந்த ஒரே தறப்பாள் சைக்கிள் கரியரிலிருந்த பெட்டிக்கு மேல் கிடந்தது. நாங்கள் நனைந்தோம். அம்மாவுக்கு அந்தக் கோபம் கனநாள் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை எங்களுக்குக் கிடைத்தது. ஐயா ஒரு கொப்பி வாங்கி, ஊராரைத் தேடித் தேடி நடந்தார். யார் எந்தக் கோயில் மடத்தில், யார் எந்தத் தென்னங்காணியில், யார் கிளாலி தாண்டி வன்னிக்குப் போனார்கள் என்று குடும்பம் குடும்பமாக எழுதினார். பழைய விலாசத்துக்கு வந்த கடிதங்களில் அதை வெட்டிவிட்டு, கீழே புது இடத்தைத் தன் கையாலே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். தபாற்கந்தோர் என்றால் எனக்கு இன்றும் அந்தக் கொப்பிதான்.

1996 ஏப்ரலில், சாவகச்சேரி உள்ள தென்மராட்சியும் படையினர் வசமானபின் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, தராசும் இல்லை. சின்னம்மா வீட்டுத் திண்ணையில் ஐயா மறுபடி கந்தோர் திறந்தார். ஊருக்கு வராதவர்களின் பெயருக்கும் கடிதங்கள் வந்தன, “அம்மா இருக்கிறாவோ” என்று கேட்டு. ஆளில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்புவதுதான் விதி. ஐயா கொப்பியைப் பார்த்து, மல்லாவி என்றும் கிளிநொச்சி என்றும் எழுதி அனுப்பினார். சிலவற்றுக்கு வன்னியிலிருந்து பதில் வந்தது. பலவற்றுக்கு வரவேயில்லை.