டேங்க்குக்கு மேலே நாலு பலகை

வீட்டில் ஒருவன் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தால் போதும், மிக்ஸி ஓடாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வந்தது மிக்ஸி அல்ல, படகு!

எங்கள் ஊர் நாகப்பட்டினம். அப்பாவும் மாமாவும் கூட்டாக வைத்திருக்கும் மரத்து விசைப்படகு என்னைவிட வயதில் மூத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் கரையேற்றி வேலை பார்க்க முடியும். போன தடைக்காலத்தில் டீசல் டேங்க் மேலே இருந்த தளப்பலகையில் அப்பா கால் வைத்தார், கால் உள்ளே போய்விட்டது. கடல்தண்ணீர் மரத்தை அவ்வளவாகக் கெடுக்காது. இடுக்கில் இறங்கித் தங்கும் மழைத்தண்ணீர்தான் மக்க வைக்கும்.

"நாலு பலகை மாத்தினா சரியாப் போச்சு" என்றார் அப்பா. அதற்குத்தான் பணம் இருந்தது. மிச்சம் என் செமஸ்டர் ஃபீஸ்.

பலகையைப் பெயர்த்ததும் உள்ளே இறங்கினேன். டேங்க்கைச் சுரண்டினால் துரு ஏடு ஏடாக வந்தது. கையை விட்டுத் துழாவினால் அடிமூலையில் டீசல் பிசுபிசுப்பு. இதன்மேல் புதுப்பலகை அடித்து என்ன பிரயோஜனம்?

வெல்டிங் அண்ணன், "டேங்க் காலிதானே தம்பி, இருக்கிற இடத்திலேயே தகடு வச்சு ஒட்டிடுறேன்" என்றார். பயமே அந்தக் காலி டேங்க்தான்! உள்ளே ஒட்டியிருக்கிற டீசல் வெல்டிங் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்தால் வெடிக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். இருந்தும் வயசில் மூத்தவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில், "வெளிய எடுத்துடலாம்ணே" என்றேன்.

எடுக்க வழி இல்லை. அந்தக் காலத்தில் டேங்க்கை வைத்துவிட்டு அதற்கு மேல்தான் தளம் கட்டியிருக்கிறார்கள், குறுக்கே பீம். அறுக்கணும் என்றதும் ஓடாவிப் பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது படகோட விலா எலும்பு. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?"

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் பெரியவரே வந்தார். பீமை அறுத்து, இரண்டு முனையிலும் கட்டை கொடுத்து, ஜி.ஐ. போல்ட்டில் மாட்டலாம் என்றார். நான் நோட்டில் படம் போட்டேன். அவர் மணலில் குச்சியால் போட்டார். அவர் படம்தான் சரி. என்னுடையதில் ஸ்பேனர் நுழைய இடமே இல்லை!

டேங்க்கைக் கரையில் இறக்கி, சோப்புத்தண்ணீரில் பலதடவை கழுவி, ஓட்டை மேலே வரும்படி சாய்த்து, அதற்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, ஆவி போக வழி விட்டபிறகுதான் வெல்டிங். திரும்ப வைக்கும்போது அடியில் தண்ணீர் தங்காமல் ஓட இடைவெளி விட்டோம். மற்ற பலகை இடுக்குகளில் பெரியவர் பருத்தித்திரி அடித்துக் கலப்பத்து போட்டார். டேங்க்குக்கு நேர் மேலே மட்டும் ஆணி இல்லை. கழற்றி எடுக்கிற மாதிரி மூடி.

ஃபீஸை அபராதத்தோடு கட்டினேன். பெரியவர் என்னை 'போல்ட்டு தம்பி' என்றுதான் இப்போது கூப்பிடுகிறார். ஐப்பசி மழையில் மூடியின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று அப்பா சொன்னார். அடுத்த தடைக்காலத்தில் பார்க்கவேண்டும்.